வாடகை மணல்

1

2007 ஜூன் 14, வியாழக்கிழமை. காலை ஐந்து மணி ஐம்பது நிமிடம். வானம் மூடியிருந்தது, ஆனால் மழை இல்லை. காற்று அடியோடு நின்றுபோய் எதிர்வீட்டு வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. விருத்தாசலத்தில் நான் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் வாசலில், எனக்குக் கொஞ்சமும் தேவைப்படாத இரண்டு லோடு ஆற்று மணல் அப்போதுதான் இறங்கியது. இறக்கச் சொன்னவனும் நானே.

இன்றோடு சரியாக ஓராண்டு. இங்கே சிங்கப்பூரில், எங்கள் புளோக்கின் எட்டாவது மாடியில் ஒரு குடும்பம் குளியலறையை இடித்துப் புதிதாகக் கட்டுகிறது. இன்று காலை லிஃப்ட் வாசலில் உடைசல் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பதினேழு மூட்டை. லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது எதையாவது எண்ணாவிட்டால் எனக்குப் படபடப்பு வந்துவிடும். கடைசி ஐந்து மூட்டையில் இருந்தவை பழைய ஓடுகள் அல்ல, புதியவை. அளவு பார்க்காமல் வாங்கி, வெட்டி, வெட்டியதைக் குப்பையில் போட்டிருக்கிறார்கள்.

எங்கள் புளோக்கைப் பராமரிக்கும் நகர மன்றத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"மூட்டைகள் வழியை அடைக்கின்றனவா, அங்கிள்?"

"இல்லை."

"நாற்றம் அடிக்கிறதா?"

"இல்லை. அதிகமாக இருக்கின்றன."

சிறிது நேரம் இசை கேட்கவிட்டாள். திரும்பி வந்து, அதிகமாக இருப்பதற்குத் தனிப் பிரிவு இல்லை என்றாள். புகார் எண் மட்டும் கொடுத்தாள், அது ஒன்பது இலக்கம்.

என் மனைவி ரோஸ்லின் சமையற்கட்டிலிருந்து சொன்னாள்: "ஊர்ல போயி மணலைக் கொட்டி வச்ச மனுசன், இங்க அடுத்தவன் மூட்டையை எண்ணிக்கிட்டு இருக்குது."

ஊரில் இருப்பவர்களுக்கு அந்த மணல் கதை ஒவ்வொரு விதமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அது சரியாகத் தெரியவேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

2

சிங்கப்பூரில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். வந்ததை எண்ண வேண்டும், போனதை எண்ண வேண்டும், மிச்சத்தை எண்ணிப் பூட்ட வேண்டும். நிறைந்த ஸ்டோர்தான் நல்ல ஸ்டோர் என்று இருபத்தைந்து வருடம் நம்பியிருந்தேன்.

கடைசி ஆறு வருடம் மொரிட்டா என்று ஒரு ஜப்பான் பொறியாளர் வந்தார். 'லீன்' என்ற நிர்வாக முறையைக் கொண்டுவந்தார். முதல் நாள் எங்களை அவர் கட்டடத்துக்கு அழைத்துப் போகவில்லை, பின்னால் இருந்த குப்பைத் தொட்டிக்கு அழைத்துப் போனார். தொட்டியைக் கவிழ்க்கச் சொன்னார். உடைந்த கல், காய்ந்த கான்கிரீட், வளைந்த கம்பி, நனைந்து கட்டியான சிமெண்ட் எல்லாவற்றையும் பிரித்து அடுக்கச் செய்து, ஒவ்வொன்றுக்கும் விலை சொல்லச் சொன்னார். நான் சொன்னேன், எனக்கு எல்லா விலையும் மனப்பாடம். அப்புறம் அவர் சொன்னார்: "இதற்காக ஒரு மலையை உடைத்தோம். ஓர் ஆற்றைத் தோண்டினோம். சூளையில் எரித்தோம். லாரியில் கொண்டுவந்தோம். மூன்று இடம் மாற்றி வைத்தோம். பிறகு இங்கே போட்டோம்."

அவருடைய முறை சுருக்கமானது. இன்றைக்கு வேண்டாததை இன்றைக்குக் கொண்டுவராதே. நாளைக்கு எவ்வளவு வேலை முடியும் என்பதை வேலை செய்கிறவனிடமே மாலையில் கேள். அவன் சொன்ன அளவுக்கு மட்டும் சாமான் சொல். மிஞ்சினால் ஏன் மிஞ்சியது என்று மறுநாளே பார். கிடங்கில் கிடந்தால்தானே நனையும், உடையும், திருடுபோகும், கடைசியில் குப்பையாகும்? குப்பை லாரி எங்கள் சைட்டுக்கு வருவது குறைந்துகொண்டே போயிற்று.

என் ஸ்டோரும் காலியாகிக்கொண்டே போயிற்று. சாமான் இல்லாத ஸ்டோருக்குக் கீப்பர் எதற்கு என்று என்னை அனுப்பிவிடுவார்களோ என நான் சரியாகத் தூங்கவில்லை. அனுப்பவில்லை. மாலைக் கூட்டத்தை நடத்துகிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். அதன்பிறகு இந்த முறைக்கு என்னைவிடப் பெரிய பக்தன் கம்பெனியில் இல்லை.

ஓய்வு பெற்றதும் விருத்தாசலத்தில் ஜங்ஷன் பக்கம் வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு கட்டுவது என்று முடிவு செய்தேன்.

"யாரு இருக்கப் போறா?" என்றாள் ரோஸ்லின்.

"நாமதான்."

"நீங்கதான்," என்றாள்.

பெர்த்தில் இருக்கும் மகன் மின்னஞ்சலில் 'நல்ல முதலீடா?' என்று ஒரே வரியில் கேட்டான். பதில் இரண்டு பக்கம் எழுதினேன். கட்டை விரல் படம் ஒன்று வந்தது.

3

நகராட்சியில் வீட்டு வரைபடத்துக்கு ஐந்து பிரதி கேட்டார்கள். நாலு பேர்தானே கையெழுத்துப் போடுகிறீர்கள், ஐந்தாவது எதற்கு என்று கேட்டேன். "நாலுல ஒண்ணு தொலைஞ்சா இருக்கட்டும்னுதான் சார்," என்றார் எழுத்தர். தொலையாமல் பார்த்துக்கொள்ளலாமே என்றேன். அன்று என் கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகவில்லை. மறுநாள் ஆறு பிரதியாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மேஸ்திரி கலியபெருமாள் முதல் நாள் மனையைச் சுற்றி வந்து சொன்னார்: "மொதல்ல நாலு லோடு மணலு, ரெண்டு லோடு ஜல்லி, பத்தாயிரம் கல்லு எறக்கிடலாம் சார். அப்பத்தான் எடத்துக்கு ஒரு களை வரும்."

"அதெல்லாம் வேணாம் மேஸ்திரி. நாளைக்கு எத்தனை அடி செவுரு எழுப்புவீங்க? அதுக்கு மட்டும் சாமான் சொல்றேன்."

"நாளைக்கா? நாளைக்கு நான் வருவனான்னு எனக்கே தெரியாதே சார்."

"அதுக்குத்தான் தினம் சாயங்காலம் அஞ்சரைக்கு டீ குடிச்சிக்கிட்டே பத்து நிமிசம் பேசணும்."

அவர் யோசித்தார். "டீயோட வடை உண்டுங்களா?"

"உண்டு."

"அப்ப பேசலாம் சார்."

இப்படித்தான் விருத்தாசலத்தில் மாலைக் கூட்டம் தொடங்கியது. இரண்டே வாரத்தில் மேஸ்திரிக்கே பிடித்துப்போயிற்று. மணலை இங்கே குவித்து, வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று அங்கே தள்ளி, மறுபடி வாரி வரும் வேலை இல்லாததால் சித்தாள்கள் நேரத்துக்கு வீட்டுக்குப் போனார்கள்.

ஜங்ஷன் ரோட்டில் மணல், ஜல்லி, செங்கல் வைத்து விற்பவர் மங்கலம்பேட்டை சாதிக் பாய். அவரிடம் தினம் வேண்டியதை தினம் அனுப்ப முடியுமா என்றேன். லாரி அதற்குக் கட்டுப்படியாகாது என்றார். மாட்டு வண்டி வைத்தோம். யார்டிலிருந்து என் மனைக்கு மாட்டு வண்டியில் ஒரு நடை, டீசல் செலவு இல்லை, புகை இல்லை. மொரிட்டா பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார்.

என் தங்கை புஷ்பத்தின் மகள் ஸ்டெல்லா ஒரு செராமிக் யூனிட்டில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறாள். விரிசல் விட்ட கப், காது ஒடிந்த கப், கோணல் சாசர் எல்லாவற்றையும் ஒதுக்குவது அவள் பொறுப்பு. ஒதுக்கியதை எங்கே கொட்டுவது என்பது முதலாளிக்குத் தலைவலி. நான் கேட்டதும் அள்ளிக்கொண்டு போகச் சொன்னார். உடைத்து மொட்டைமாடித் தளத்தில் பதித்தால் வெள்ளைப் பீங்கான் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், கீழே அறை சூடேறாது, புது ஓடு வாங்க வேண்டாம். இருபத்திரண்டு மூட்டை கப் வந்து சேர்ந்தது. மனையில் முன்கூட்டியே வந்து கிடந்த சாமான் அது ஒன்றுதான்.

தெருவில் மணல் இல்லை, கல் இல்லை, ஜல்லி இல்லை. மாலையில் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார்கள். கட்டடம் எழும்புகிற இடம் என்று சொல்லவே முடியாது. நான் அதைப் பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

4

முப்பத்தொரு வருடம் வெளியே இருந்தவனுக்கு மறந்துபோவது பெரிய விஷயங்கள் அல்ல. நம் பக்கத்தில் வீடு கட்டுகிறவன் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதற்கு முன்னால் தெருவில் மணலைக் கொட்டுவான். பாதித் தெருவை அது அடைக்கும். பஸ்ஸுக்குப் போகிறவன் சுற்றிப் போவான். திட்டிக்கொண்டே போவான், ஆனால் எத்தனை லோடு என்று பார்த்துவிட்டுத்தான் போவான். ஒருவன் கையில் என்ன இருக்கிறது என்பதை பாங்கிக்காரனைவிட அந்த மேடு சரியாகச் சொல்லும் என்பது ஊர் நம்பிக்கை.

இது எனக்கு நினைவு வந்தது, நான் தங்கியிருந்த புஷ்பத்தின் வீட்டுக்கு எங்கள் மாதா கோவில் உபதேசியார் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தபோது.

ஸ்டெல்லாவுக்குக் கம்மாபுரம் பக்கத்திலிருந்து ஒரு வரன் அமைந்திருந்தது. பையன் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் ஒப்பந்த எலக்ட்ரீஷியன். இருவரும் பார்த்துப் பேசி, பிடித்து, கோவிலில் எழுதியும் கொடுத்தாயிற்று. யாருக்காவது தடை உண்டா என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் திருமண ஓலை வாசிப்பதுதான் பாக்கி.

"ஓலையைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம்னு மாப்பிள்ளையோட அப்பா சொல்றாருங்க," என்றார் உபதேசியார்.

புஷ்பம் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "ஏனாம்?"

உபதேசியார் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "தாய்மாமன் சிங்கப்பூருக்கெல்லாம் போயி வந்திருக்காராம். மாட்டு வண்டியில நாலு கூடை மணலு வாங்கி வூடு கட்டுறாராம். வாசல்ல ஒடஞ்ச கப்பு மூட்டைதான் கெடக்குதாம். அப்படின்னு பேச்சுங்க. நான் சொல்லல."

என் மைத்துனர் இறந்து ஆறு வருடமாகிறது. ஸ்டெல்லாவுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அந்தக் குடும்பத்துக்கு ஆண் துணை என்று ஊர் கணக்கில் இருப்பவன் நான்தான். மாப்பிள்ளையின் அப்பா சூசைநாதன் நகை, பணம் எதுவும் கேட்டவரில்லை. அவர் பயம் வேறு. மாமன் கடனில் விழுந்தால், நாளைக்குத் தன் மகன் தலையில்தானே வரும்?

"நான் நேர்ல காட்டிப் புரிய வைக்கிறேன்," என்றேன். புஷ்பம் என்னையே பார்த்தாள். அவளுக்கு அப்போதே நம்பிக்கை இல்லை.

சூசைநாதன் மறுநாள் மொபெட்டில் வந்தார். குடையை இடுக்கிக்கொண்டு மனைக்குள் நுழைந்தார். சுவரில் நான் ஒட்டியிருந்த வாராந்திர வேலை அட்டவணையைக் கண்ணாடி மாட்டிப் படித்தார்.

"இது என்னாங்க, பரிச்சை டைம் டேபிளா?"

விளக்கினேன். ஆற்று மணல் ஆற்றிலேயே இருக்கட்டும், வேண்டிய அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுப்போம், வீண் போகாது, குப்பை சேராது, ஆறும் பிழைக்கும் என்று.

"நல்ல விசயங்க."

"வாங்கின செங்கல்லுல இதுவரைக்கும் ஒடைஞ்சது முப்பத்தாறுதான்."

"அதையும் எண்ணிட்டீங்களா?"

"எண்ணிட்டேன்."

காய்ச்சல்காரனைப் பார்ப்பதுபோல என்னைச் சற்று நேரம் பார்த்தார். "எல்லாம் சரிங்க. சாமான் எங்க?"

"வேணும்போது வரும்."

"கடனுக்குங்களா?"

"இல்லீங்க. ரொக்கம்."

"ரொக்கம் கையில இருந்தா மொத்தமா வாங்கிப் போட்டுட வேண்டியதுதானே?"

இந்தக் கேள்விக்கு மொரிட்டா பதில் சொல்லியிருக்கிறார். அது எனக்கு ஆங்கிலத்தில் தெரியும். தமிழில் சொல்ல வாயெடுத்தால், காசில்லாதவன் சொல்லும் சாக்கு மாதிரியே வந்தது. அவர் மூலையில் இருந்த மூட்டையின் வாயை அவிழ்த்தார். காதில்லாத கப்புகள்.

"இது?"

"அது மாடிக்குங்க."

அவர் மூட்டையை முன்பிருந்தது போலவே இறுகக் கட்டினார். "வரேங்க," என்று குடையை எடுத்துக்கொண்டார்.

5

அன்று வேலை முடிந்து வந்த ஸ்டெல்லா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மாமா, ஆறு பொழைக்கணும்னு சொல்றீங்க. சரி. நான் பொழைக்க வேணாமா?"

"ஸ்டெல்லா, கொள்கைன்னு ஒண்ணு..."

"ஒரு கப்புல விரிசல் இருந்தா நான் தூக்கிப் போடுறேன். கண்ணுக்குத் தெரியுது. இங்க எந்த விரிசலும் இல்ல மாமா. அவருக்கு என்னைப் புடிச்சிருக்குது, எனக்கு அவரைப் புடிச்சிருக்குது. வாசல்ல ஒண்ணும் இல்லங்கிறதுதான் கொறை. இல்லாத ஒண்ணு வந்து குறுக்க நிக்கிறது உங்க வாசல்லதான்."

"அண்ணா," என்றாள் புஷ்பம் உள்ளேயிருந்து, "ரெண்டு லோடு. அவ்வளவுதான். வேற எதுவும் நான் உன்னைக் கேட்கல."

சிங்கப்பூரில் முப்பத்தொரு வருடம் நான் சாமான்களை எண்ணினேன். ஊரில் சாமான்களை வைத்து என்னை எண்ணினார்கள். கோபம் வந்தது, ஆனால் அந்தப் பெண் முகத்தைப் பார்த்துக்கொண்டு கோபப்பட முடியவில்லை. சாதிக் பாய் யார்டுக்கு நடந்தேன்.

அவர் முழுவதையும் கேட்டார். சிரிக்கவில்லை.

"சார், என் யார்டுல கெடந்தாலும் அது மணலுதான், உங்க வாசல்ல கெடந்தாலும் மணலுதான். வெலைக்கு வேணாம். வாரம் முந்நூறு வாடகை குடுங்க. ஓலை வாசிச்சு முடிஞ்சதும் நான் வாரிக்கிட்டுப் போயிடறேன்."

எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. ஒரு பிடி மணல் வீணாகாது! "பாய், இதுக்கு முன்னால யாராச்சும் இப்படி வாடகைக்கு எடுத்திருக்காங்களா?"

பாய் வானத்தைப் பார்த்தார். "யாவாரத்துல அதெல்லாம் சொல்லக்கூடாது சார்."

அன்று முதல் ஊரில் எந்த மணல் மேட்டைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம்தான்.

மணல் இறங்கிய அன்று ஏழு மணிக்குள் ஐந்து பேர் வந்து, "மாடி எப்ப சார்?" என்று கேட்டுவிட்டார்கள். இரண்டு மாதமாகத் தலையைக்கூட அசைக்காத எதிர்வீட்டுக்காரர் டீ கொடுத்தார். கலியபெருமாள் மேட்டைப் பார்த்து, "இப்பத்தான் சார் வேலை ஆரம்பிச்ச மாதிரி இருக்குது," என்றார். சுவர் அப்போது கதவுத் தலைக்கு மேல், லிண்டல் மட்டத்துக்கு வந்திருந்தது.

சூசைநாதன் சனிக்கிழமை மொபெட்டை ஓரங்கட்டி, ஒரு கை மணலை அள்ளி, விரல் இடுக்கில் ஒழுகவிட்டு, "நல்ல மணலுங்க," என்றார். ஞாயிறு முதல் ஓலை வாசித்தார்கள். புஷ்பம் பூசை முடியும் வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த இரண்டு ஞாயிறு வரை மேட்டைக் காப்பதுதான் என் வேலை. அக்கம்பக்கத்தார் உரிமையோடு கூடையைக் கொண்டுவந்தார்கள். ஒருவருக்குத் துளசி மாடம் பூச, ஒருவருக்குக் கழிவுநீர்க் குழாய் அடைக்க. வாடகை மணல் என்று எப்படிச் சொல்வேன்? யார் அள்ளினாலும் தெரியும்படி மேட்டின் மீது குறுக்கும் நெடுக்குமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்தேன். கோவில் திருவிழாவா என்று கேட்டுப் போனார்கள். ஆடு ஒன்று உச்சியில் ஏறி நின்றது. எடுத்த படத்தைச் சிங்கப்பூருக்கு அனுப்பினேன். மகள் வழிப் பேத்தி போனில் ஆங்கிலத்தில் கேட்டாள்: "தாத்தா, உங்கள் வீட்டு வாசலில் கடற்கரை இருக்கிறதா?" மணல் என்றால் அந்தக் குழந்தைக்குக் கடற்கரைதான். வீட்டுக்கும் மணலுக்கும் என்ன சம்பந்தம் என்று விளக்கத் தொடங்கினேன். அதற்குள் போன் அவள் அம்மா கைக்குப் போய்விட்டது.

6

மூன்றாவது ஓலை ஜூலை முதல் தேதி வாசிக்கப்பட்டது. திங்கட்கிழமை காலையே சாதிக் பாய் லாரியோடு வந்துவிட்டார். ஆட்கள் வேகமாக வாரினார்கள். முதல் லாரி பாதி நிறைந்திருந்தபோது தெருமுனையில் மொபெட் சத்தம் கேட்டது. கல்யாணப் பத்திரிகையில் எங்கள் பக்கப் பெயர்களைக் கேட்டு எழுதிப்போக சூசைநாதன் வந்திருந்தார்.

அவர் மொபெட்டிலிருந்து இறங்கவில்லை. நம் ஊரில் மணல் லாரியிலிருந்து தரைக்கு இறங்கும். தரையிலிருந்து லாரிக்கு ஏறினால் அதற்கு ஒரே அர்த்தம், கடன்காரன் வந்துவிட்டான்.

"என்னாங்க," என்றார் மெதுவாக. "மணலு ஏறுது?"

மண்வெட்டிகள் நின்றன. கலியபெருமாள் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினார். ஸ்டெல்லா வாசற்படியில் கல்லாக நின்றாள். உண்மையைச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன், உண்மை கடனைவிட மோசமாக இருந்தது.

புஷ்பம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "உங்க வூட்டுக்குத்தாங்க அண்ணன் அனுப்புது. தாய்மாமன் சீரு. நகை நட்டெல்லாம் எல்லாரும் செய்யறாங்க, நான் மணலு குடுக்கறேன்னு ஒரே புடிவாதம். சொல்லாம கொள்ளாம அனுப்பலாம்னு இருந்துச்சு, நீங்களே வந்துட்டீங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன்.

சாதிக் பாய் என் காதருகே குனிந்தார். "வாடகை வேற, வெலை வேற சார்."

சூசைநாதன் மொபெட்டை நிறுத்தி இறங்கினார். லாரிக்கு அருகே போய்ப் பக்கப்பலகையைத் தொட்டுக்கொண்டு நின்றார்.

"சுரங்கத்துக்கு எப்ப நெலத்தை எடுப்பாங்க, எப்ப கெளம்பச் சொல்லுவாங்கன்னு தெரியாம, பத்து வருசமா ஒரு செங்கல்லு வைக்கலீங்க," என்றார். "ஓட்டை ஒழுகலோடதான் கெடக்குறோம். மருமவ வந்து எங்க படுக்கும்னு அவ மாமியா தெனம் கேக்குறா. மணலே வந்துடுச்சு. எடுக்கறப்ப எடுத்துக்கட்டும், ஒரு ரூம்பு போட்டுடலாங்க." பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சம்பந்தி, மாட்டு வண்டி மணலப் பார்த்துத் தப்பா நெனச்சிட்டேன். உங்க வூட்டுக்குச் சுருக்கிக்கிட்டு எங்களுக்கு லாரியில அனுப்புறீங்க."

ஸ்டெல்லா தெருவில் போன பூக்காரியைக் கூப்பிட்டு, லாரியின் முன்னால் பூச்சரம் கட்டினாள். கட்டும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவேயில்லை, தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. அது அழுகை அல்ல.

இரண்டு லோடும் கம்மாபுரம் போய்ச் சேர்ந்தது. ஸ்டெல்லாவின் அறை ஆடியில் தொடங்கி ஐப்பசி மழைக்கு முன்னால் முடிந்தது. மணல் மிஞ்சியதால் ஒரு சமையற்கட்டும் கட்டினார்கள். சமையற்கட்டுக்குக் கல் போதவில்லை, வாங்கினார்கள். கல் மிஞ்சியது, சுற்றுச்சுவர் எழுப்பினார்கள். என் வீட்டில் வீணாகாமல் காப்பாற்றிய ஒவ்வொரு கூடைக்கும் கம்மாபுரத்தில் இரண்டு கூடை செலவாகியிருக்கிறது. போன வாரம் போனில் ஸ்டெல்லா, "கைப்பிடிச் சுவருக்கு இன்னும் கொஞ்சம் மணலு வேணும்னு மாமனாரு சொல்றாரு மாமா. இந்தத் தடவை மாட்டு வண்டி போதும்," என்றாள். மொரிட்டாவுக்கு இதையெல்லாம் எழுதலாமா என்று நாலைந்து முறை யோசித்தேன். எந்தத் தலைப்பின் கீழ் இதை வீண் என்று காட்டுவது எனத் தெரியாததால் எழுதவில்லை.

கணக்கு மட்டும் தெளிவாக இருக்கிறது. மணல் இரண்டு லோடு ஐயாயிரத்து ஐந்நூறு. மூன்று வார வாடகை தொள்ளாயிரம். வாரி ஏற்றிய கூலி நானூறு. கம்மாபுரத்துக்கு லாரி இரண்டு நடை தொள்ளாயிரம். பூச்சரம் இருபது. ஆக மொத்தம் ஏழாயிரத்து எழுநூற்று இருபது ரூபாய்.